வாரி வழங்கும் கொட்டகையே, வாழ்க!

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். கேட்கத் தெரியாத உயிருக்கு வாரிக் கொடுத்தார்கள் என்பதால்தான் இரண்டாயிரம் ஆண்டாக அவர்கள் பெயர் நிற்கிறது. ஆனாலும் ஆளுக்கு ஒருமுறைதான் கொடுத்தார்கள். நீ அப்படியா? காலையும் மாலையும், வருஷம் முழுக்க, கேட்காத காற்றுக்கும் கேட்காத ஓடைக்கும் கேட்காத கிணற்றுக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கிறாய். சிமெண்டுத் தரையும் தகரக் கூரையுமாகக் கொங்குச் சீமையின் தோட்டந்தோறும் எழுந்து நிற்கும் புது மாட்டுக் கொட்டகையே, உன்னைப் பாட ஆளில்லையே என்ற குறை எனக்கு வெகுநாளாக உண்டு. இன்றைக்கு அதைத் தீர்த்துக்கொள்கிறேன். இதில் உன்னைப் பற்றிச் சொல்லும் எதுவும் மிகை இல்லை.

உன் கொடையை முதலில் கணக்கில் வைக்க வேண்டும். பத்துக் கலப்பினப் பசுக்கள் உன்னிடம் கட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஜெர்சிக் கலப்போ எச்.எஃப். கலப்போ, பசு ஒன்று நாளைக்குக் குறைந்தது 15 கிலோ சாணி போடும். ஆக 150 கிலோ. 50 கிலோ சாணியில் 2 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும் என்பது சாண எரிவாயுக் கலன் கட்டுகிற கொத்தனாருக்கே தெரிந்த கணக்கு. அப்படியானால் உன்னிடம் நாள்தோறும் 6 கன மீட்டர். அது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஆறு நாளுக்கு ஒரு சிலிண்டர். இவ்வளவையும் நீ ஒரு நாள்கூட உனக்கென்று எடுத்து வைத்ததில்லை. உன் முதலாளி வீட்டு அடுப்புக்குச் சிலிண்டர் பதிவு செய்துவிட்டு மாதாமாதம் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். நீ பின்பக்கக் கால்வாயில் ஆறு நாளுக்கு ஒரு சிலிண்டரைச் சத்தமில்லாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறாய். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். உன் கொடையோ கொடுக்கிற வீட்டுக்கே தெரியாது.

மூத்திரத்தை நீ கொடுக்கும் விதம் இன்னும் உயர்ந்தது. சாணியை வறட்டி தட்டவாவது சிலர் கேட்டு வருவார்கள். மூத்திரத்தை யாரும் கேட்பதில்லை. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் சுமார் பாதி அதில்தான் போகிறது. சாம்பல் சத்தில் பெரும்பங்கும் அதில்தான். பத்து மாட்டுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்று குறைத்துப் போட்டாலும், மாதம் ஒன்றுக்கு 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள அளவு தழைச்சத்தை நீ தானம் செய்கிறாய். அதே மாதத்தில் உன் முதலாளி தன் தீவனப்புல்லுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையில் நின்று யூரியா வாங்கி வருகிறார். வாங்கிய மூட்டை உன் வாசல் வழியாக உள்ளே வருகிறது, வாங்காத மூட்டை உன் கொல்லை வழியாக வெளியே போகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாதபடி நடுவில் நீ நிற்கிறாய். அந்த நாசூக்கு யாருக்கு வரும்!

விடியற்காலை ஐந்து மணிக்கு உன்னை அருகில் நின்று பார்த்தால்தான் உன் அழகு தெரியும். மோட்டாரைப் போட்டதும் ரப்பர்க் குழாய் விறைத்துக்கொள்கிறது. வேலைக்காரப் பையன் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பீய்ச்சுகிறான். இரவெல்லாம் விழுந்து மேலே ஏடு கட்டியிருந்த சாணி, தண்ணீர் பட்டதும் பச்சைக் கரைசலாகிக் கால்வாயில் இறங்குகிறது. தின்று மிச்சமான சோளத்தட்டும் மூத்திரமும் பால் கறந்த குண்டான் கழுவிய தண்ணீரும் சேர்ந்துகொள்கின்றன. மழை நாளில் கூரைத் தண்ணீரும் அதிலேயே விழும். கூரைக்குத் தனியாகத் தகர வாய்க்கால் வைத்து மழைநீரைப் பிரிக்கிற சின்னப் புத்தி உனக்கு இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் சமரச உள்ளம் உனக்கு. கால்மணி நேரத்தில் தரை கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. பார்க்க வரும் அதிகாரி மூக்கைச் சுளிக்காமல், “சுத்தமா வெச்சிருக்கீங்க” என்று பாராட்டிவிட்டுப் போகிறார். அவர் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. முன்பக்கத்தின் பெருமையே போதும் என்று இருந்துவிட்டார்.

இந்தத் தண்ணீர்தான் உன் கொடையின் உச்சம். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது வள்ளலுக்கு இழுக்கு; அதனால் நீ திரும்ப எடுக்கவே முடியாதபடி கொடுக்கிறாய். கெட்டிச் சாணியாக இருந்தால் கூடையில் அள்ளலாம், எருக்குழியில் போடலாம், கலனில் சம அளவு தண்ணீர் விட்டுக் கரைக்கலாம். ஒரு பங்கு சாணிக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்துவிட்டால்? கலனில் விட்டால் வாயு வராது. வண்டியில் ஏற்ற முடியாது. குழியில் கொட்டினால் மக்காது. காற்றுப் புகாமல் அழுகும். அழுகும்போது கிளம்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அடுப்பில் நீலச் சுடராக எரிந்து ஒரு பானைச் சோறு பொங்கியிருக்க வேண்டிய அதே வாயுதான் அது. அதையும் நீ வானத்துக்கே விட்டுவிட்டாய். தண்ணீருக்காக உன் முதலாளி ஆயிரம் அடிக்குப் போர் போட்டார். அங்கேயிருந்து மேலே இழுத்த தண்ணீரை, மேலே இருந்த உரத்தோடு கலந்து, மறுபடி கீழே அனுப்புகிறாய். பூமித்தாயிடம் கடன் வைக்காத நேர்மை.

காற்றுக்கு நீ கொடுப்பதைச் சொல்லாமல் விட்டால் என் பாட்டு நிறையாது. மூத்திரத்தில் இருக்கும் யூரியாவுக்கு வாடை அதிகம் இல்லை. சாணியில் இருக்கும் நொதி அதைத் தொட்ட மாத்திரத்தில் அம்மோனியாவாக்கத் தொடங்கிவிடும்; சில மணி நேரம் போதும். இரண்டையும் பிரித்து வைத்தால் அந்தச் சத்து மண்ணுக்கு மிஞ்சும். ஆனால் உன் தரை மட்டமாக இருக்கிறது. நாற்பது அடிக்கு ஓரடி வாட்டம் வைத்திருந்தால் மூத்திரம் தானாக வாய்க்காலுக்கு ஓடியிருக்கும். நீ வாட்டம் வைக்கவில்லை. யாரையும் தாழ்த்தக் கூடாது என்ற கொள்கை போலும். மூத்திரமும் சாணியும் மாட்டின் காலடியிலேயே இரவு முழுக்கக் கலந்து கிடக்கின்றன. காலையில் கதவைத் திறக்கிற பையனின் கண்ணில் நீர் வருகிறது. கன்றுகள் இருமுகின்றன. உன்னை நினைத்து இத்தனை பேர் கண்ணீர் விட நீ என்ன தவம் செய்தாயோ.

பின்பக்கம் போகிறேன். உன் கால்வாய் வேலியைத் தாண்டி, வண்டித்தடத்தைக் கடந்து, குட்டையில் விழுகிறது. முன்பு அந்தக் குட்டையில் பையன்கள் குதித்துக் குளித்தார்கள். இப்போது ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடியிருக்கிறது. நீ ஊட்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அதை இப்படிச் செழிக்க வைத்திருக்கின்றன. தோட்டத்தில் சோளம் வெளிறி நிற்க, குட்டையில் ஒரு களைக்கு விருந்து வைத்திருக்கிறாய். தன் வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் விருந்தாளிக்கு இலை போடும் குலம் நம்முடையது. ஆனாலும் நீ கொஞ்சம் கூடுதலாகவே பழகிவிட்டாய்.

குட்டைக்குப் பக்கத்தில் ஒரு குடிநீர்க் கிணறு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். சாணித் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் ஊறும் இடத்தில் நிலத்தடி நீருக்கு இந்தக் கதி வரும். இதைச் சொல்லும்போது என் புகழ்ச்சிக்குத் தொண்டை அடைக்கிறது. மன்னித்துக்கொள். தொடர்கிறேன்.

உன்னிடம் தங்கியிருக்கும் ஜீவன்களுக்கு நீ செய்யும் உபசாரம் வேறு. உன் கூரை தகரம், அதுவும் எட்டடி உயரத்தில். பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்த பழைய கொட்டகை வெயிலை வெளியிலேயே நிறுத்திவிடும். நீ அப்படி யாரையும் வாசலில் நிறுத்துகிறவன் இல்லை. சித்திரை வெயில் உன் கூரை வழியாக நேராக மாட்டின் முதுகில் இறங்குகிறது. நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்துக் கட்டினால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே நுழையாது. உன்னைச் சாலைக்கு முகம் காட்டி, வடக்குத் தெற்காக நிறுத்திவிட்டார்கள். ஊரார் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று. மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே வந்து பார்த்தேன். கலப்பின மாடு ஒன்று கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, எச்சில் ஒழுக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தட்டில் வைத்த புல் வைத்தபடி இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் ஓர் அளவைத் தாண்டினால் இந்த இனங்கள் தின்பதைக் குறைத்துக்கொள்ளும், பாலும் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். வைக்கோலுக்கும் தவிட்டுக்கும் இப்போது விற்கிற விலைக்கு, மாட்டின் பசியையே அடக்கித் தீவனச் செலவைக் குறைத்துக் கொடுக்கும் கொட்டகை வேறெங்கே கிடைக்கும்?

படுக்கைக்கு நீ சிமெண்டு கொடுத்திருக்கிறாய். பசு ஒரு நாளில் பாதி நேரத்தைப் படுத்தே கழிக்கும் பிராணி. படுத்துத்தான் நிம்மதியாக அசை போடும். உன் தரையில் அது படுக்கத் தயங்கித் தயங்கி நிற்கிறது. படுத்தால் எழுவதற்குள் கால் வழுக்குகிறது. அந்த மாட்டின் பின்னங்கால் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மயிர் உதிர்ந்து, எலுமிச்சம்பழ அளவுக்குக் கெட்டியாக வீங்கியிருந்தது. ஈரம் காயாத தரையில் மடி படுவதால் மடிநோய் வந்து, ஒரு காம்பு ஏற்கெனவே அடைத்துப்போயிருந்தது. கால்நடை மருத்துவருக்கு நிரந்தர வருமானம் உண்டாக்கிக் கொடுத்த புண்ணியமும் உனக்கே.

உன்னைக் கட்டிய மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கடன் வாங்கித்தான் உன்னைக் கட்டினார். அந்தக் கடனுக்குக் கொடுத்த திட்ட மதிப்பீட்டுத் தாளைக் காட்டினார். மாடு பத்து, கறவை இயந்திரம் ஒன்று, புல் நறுக்கும் இயந்திரம் ஒன்று, கொட்டகை இத்தனை சதுர அடி, தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பு, காப்பீடு. பாலுக்கு மட்டும் வரவுக் கலம். சாணி என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. பத்து மாடு வாங்கச் சொன்னவர்கள், பத்து மாடும் சாணி போடும் என்ற அற்பமான செய்தியைக் கவனிக்காத பெருந்தன்மைக்காரர்கள். தமிழ்நாட்டில் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி சுமார் 95 லட்சம் மாடுகள் இருக்கின்றன. பெருந்தன்மைக்கு வாய்ப்பு நிறைய.

உன் பெருமை முழுதாக விளங்க வேண்டுமானால் ஒரு கருமியைப் பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். இரண்டு தோட்டம் தள்ளி ஓர் ஆத்தா இருக்கிறார். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். நாலு உருப்படிதான் வைத்திருக்கிறார்: இரண்டு பசு, ஓர் எருமை, ஒரு கிடேரி. கீற்றுக் கொட்டகை, அதை ஒட்டி இரண்டு வேப்பமரம். மாட்டைப் பகலில் மரத்தடிக்கு மாற்றிக் கட்டுகிறார். வேம்பு சும்மாதானே நிற்கிறது, நிழலை வாங்கிக்கொள்வோம் என்ற பேராசை. தரை கிராவல் போட்டுக் கெட்டித்தது. அதன்மேல் காய்ந்த கரும்புச் சோகையும் உதிர்ந்த வேப்பிலையும் வண்டல் மண்ணும் பரப்பி வைத்திருக்கிறார். மாடு மூத்திரம் பெய்தால் ஒரு சொட்டும் ஓடுவதில்லை. அந்த மண்ணே குடித்துவிடுகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை ஊறிய மண்ணைச் சுரண்டி எருக்குழியில் போட்டுவிட்டு, புது மண் பரப்புகிறார். மாடு மெத்தென்று படுத்துக் கிடக்கிறது. மாட்டுக்குச் சுகம் கொடுப்பதிலும் ஒரு லாபம் பார்க்கிற மனசு!

சாணியை அவர் தண்ணீரில் கழுவுவதே இல்லை. தகரத் தட்டால் தள்ளி, கூடையில் அள்ளி, கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் கலன் தொட்டியில் போடுகிறார். 1984-இல் வந்த தீனபந்து மாதிரிக் கலன். செங்கல்லில் கட்டிய குவிமாடம், துருப்பிடிக்க இரும்பு ஒன்றும் இல்லை. கையை விட்டுக் கலக்கி, தட்டுத் துணுக்கைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மூடியைத் திறந்துவிடுகிறார். உள்ளே நாற்பது நாள் போலக் கிடந்து புளித்தபின் அந்தப் பக்கம் வெளிவரும் கரைசலை முகர்ந்து பார்த்தேன். ஈரமண் வாடைதான், ஓர் ஈயும் மொய்க்கவில்லை. வாயுவாகப் பிரிந்து போவது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் பிராணவாயுவும்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் கரைசலிலேயே தங்கிவிடும். அதாவது அந்தச் சாணியைக் கொண்டு அடுப்பையும் எரித்துவிட்டார், உரத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே பொருளை இரண்டு முறை அனுபவிக்கிற கஞ்சத்தனம் இது. கரைசல் வாய்க்கால் வழியாகக் கோ 4 புல்லுக்குப் போகிறது. புல் மாட்டுக்கு வருகிறது. மாடு மறுபடி சாணி போடுகிறது. வெளியாளுக்கு ஒரு துளி கிடைக்காது. குட்டைக்குக் கிடையாது, காற்றுக்குக் கிடையாது. பக்கத்துக் கிணற்றுக்கும் ஒன்றும் இல்லை.

“ஏனுங்க ஆத்தா, இத்தனை வயசுல எதுக்குங்க இந்தப் பாடு? குழாயப் போட்டு அடிச்சு உட்டா ஆகாதுங்களா?” என்று கேட்டேன்.

“ஏங்கண்ணு, கழுவி உட்டுப்போட்டு அப்பறம் ஒரக் கடைல போயி நிக்கறதுக்கு எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? காடு என்னத்தத் திங்கும்?” என்றார். தன் காட்டின் வயிற்றை மட்டும் நினைக்கிற சுயநலத்தைப் பார்.

இந்தச் சுயநலத்தை ஏட்டில் ஏற்றியவர்களும் உண்டு. இந்தோரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட், நம் உழவர்களைப் பார்த்தும் பரிசோதித்தும் ஒரு மக்கு உர முறையை வகுத்தார். மாட்டின் காலடியில் மூத்திரம் ஊறிய மண்ணை அள்ளி, தழையோடும் சாணியோடும் அடுக்குவது அதில் முக்கியமான படி. தொழுவத்து மண்ணைத் தூக்கிப் புத்தகத்தில் வைத்து, உலகத்துக்கே கருமித்தனம் கற்றுக்கொடுத்துவிட்டார். அந்தப் புத்தகம் உன் கட்டட வரைபடம் போட்ட பொறியாளரின் மேசையை எட்டவில்லை என்பதில்தான் உன் புகழ் பிழைத்திருக்கிறது.

குஜராத்தில் இன்னும் மோசம். பனாஸ்காண்டா மாவட்டத்தில் டீசா அருகே பனாஸ் பால் கூட்டுறவு ஒன்றியம், உழவர்களிடம் கிலோ ஒரு ரூபாய்க்குச் சாணி வாங்கி, வண்டி ஓட்டும் எரிவாயுவாகவும் உரமாகவும் மாற்றுகிறது. சத்தீஸ்கரில் 2020-இல் ஓர் அரசுத் திட்டம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் என்று விலை வைத்தது. சாணிக்கு விலை பேசுகிற அளவுக்கு அவர்கள் இறங்கிவிட்டார்கள். அந்த இரண்டு ரூபாய்க் கணக்கில் உன்னுடைய 150 கிலோ, நாளைக்கு 300 ரூபாய்; மாதம் 9,000 ரூபாய். உன் முதலாளியின் கடன் தவணைக்கு அது எவ்வளவு உதவும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வள்ளலின் வீட்டில் கணக்குப் பேசக் கூடாது.

ஆனால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். உன் கொடைக்கு ஆபத்து வந்திருக்கிறது. உன் வீட்டு மருமகள் அந்த ஆத்தாவின் தோட்டத்துக்கு மூன்று தரம் போய்விட்டு வந்திருக்கிறாள். போன வாரம் கொத்தனாரைக் கூட்டி வந்து உன் பின்பக்கம் டேப் பிடித்து அளந்தாள். தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி வாட்டம் எடுக்கலாம், மூத்திரத்துக்கு ஓர் அடி அகலத்தில் தனி வாய்க்கால் வைத்துத் தொட்டியில் சேர்க்கலாம், கழுவுவதற்கு முன்னால் சாணியை வழித்துவிட்டால் தண்ணீர் பாதிகூட ஆகாது என்று கொத்தனார் சொல்ல, அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். கூரைமேல் கீற்றைப் பரப்பிக் கட்ட எத்தனை கட்டு ஆகும் என்றும் கேட்டாள். ஆறு கன மீட்டர்க் கலனுக்குச் செங்கல் எத்தனை, மானியம் எவ்வளவு, யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்திருக்கிறாள். மாமனார் முதலில், “ஆகிற செலவா இது?” என்றார். அவள் சிலிண்டர் ரசீதையும் யூரியா ரசீதையும் மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்ட ஆரம்பித்தார். வருகிற வெள்ளிக்கிழமை குழி தோண்ட ஆள் சொல்லியிருக்கிறார்கள்.